நாயிஃப் மாமா மிச்சம் பிடித்த பெட்ரோல்

எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கார் ஓட்டுகிற ஒரே ஆள் நாயிஃப் மாமாதான். அவருடைய பெருவிரலுக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில் எதுவும் வரக் கூடாதாம்.

"செருப்பு போட்ட காலுக்குக் காது கேக்காது" என்பார்.

"காலுக்கு ஏது மாமா காது?"

"உனக்குந்தான் ரெண்டு இருக்கு. அதால என்ன பிரயோஜனம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வருஷம் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றிருந்தேன். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு டீசல் இல்லை என்று ஒரு மாதம் மூடினார்கள். திறந்தபோது எனக்குப் போகப் பிடிக்கவில்லை. எங்கள் வீடு மேல்மாடி, அவர்கள் வீடு கீழே. பால்கனியில் குனிந்து எச்சில் துப்பினால் மாமாவின் மெர்சிடிஸ் கூரையில் விழும். துப்பியும் பார்த்திருக்கிறேன். அதனால் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி பால்கனியிலிருந்து கண்ணால் பார்த்தது.

முப்பது வருஷமாக மாமா எங்கள் ஊர் ஐன் ஹஜ்லாவிலிருந்து பெய்ரூட்டுக்கு சர்வீஸ் கார் ஓட்டினார். சிவப்பு நம்பர் பலகை, ஐந்து சவாரி, முப்பத்தெட்டு கிலோமீட்டர். அப்போதெல்லாம் அவரும் எல்லாரையும்போலத்தான் ஓட்டுவார். முழங்கை வெளியே, சிகரெட் வாயில், வளைவுக்கு வளைவு ஹாரன். பெட்ரோலைப் பற்றி அவர் யோசித்ததே கிடையாது. மூச்சு விடுவதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

பிறகு அந்தக் கோடை வந்தது. வங்கி கதவைச் சாத்திக்கொண்டது. முப்பது வருஷச் சேமிப்பு உள்ளே, மாமா வெளியே. சவாரிகள் நின்றன. பெட்ரோல் பங்குகளில் வரிசை மலைப்பாதை முழுக்கச் சுற்றியது. அதே மாதங்களில்தான் மாமாவின் மனைவி ஸமீஹா அத்தையின் சிறுநீரகம் வேலையை நிறுத்தியது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று பெய்ரூட் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி. போக முப்பத்தெட்டு, வர முப்பத்தெட்டு.

பிள்ளை ஒருத்தன்தான், அத்ஹம். அவனை வைத்து ஊர் இவரை அபூ அத்ஹம் என்றும் அத்தையை உம்மு அத்ஹம் என்றும் கூப்பிடும். அவன் வெனிசுலாவில் இருக்கிறான். பணம் அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, தானே அங்கே வரிசையில் நிற்பதாகச் சொன்னான்.

எங்கள் பக்கம் பெட்ரோலை டின் கணக்கில்தான் பேசுவோம். ஒரு டின் இருபது லிட்டர். ஊர் பங்கில் வாரத்துக்கு ஒரு வண்டிக்கு ஒரு டின்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அந்தப் பழைய மெர்சிடிஸோ, மூன்று தடவை பெய்ரூட் போய் வர ஒன்றரை டின் குடிக்கும். மாமா அதை இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மூன்றாம் நாள் வேலையை ஆரம்பித்தார்.

கூரைமேல் இருந்த கேரியரைக் கழற்றினார். காற்றை அடிக்கிற பலகை அது என்றார். டிக்கியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டார். பனிக்காலச் சங்கிலி, உடைந்த ஜாக், எவனோ விட்டுப்போன வெங்காய மூட்டை, என் காணாமல்போன பந்து. பிளக்குகளைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, இடைவெளியைத் தகட்டால் அளந்து மாட்டினார். ஏர் ஃபில்டரைச் சுவரில் அடித்தபோது முப்பது வருஷப் பெய்ரூட் தூசி பறந்து என் அம்மா காயப்போட்டிருந்த துணியில் உட்கார்ந்தது. இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்த சக்கரத்தை நேராக்கினார். விடியும் முன்னே, டயர் குளிர்ந்திருக்கும்போதே, காற்றைப் பார்ப்பார். "காத்து கம்மியான டயரு, சேத்துல நடக்கிற கழுதை" என்பார்.

மிச்சத்தைக் கால் பார்த்துக்கொண்டது. எங்கள் ஊரிலிருந்து கடல்வரைக்கும் இறக்கம்தான். அந்த வருஷம் பல பேர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருண்டார்கள். மாமா அதை மட்டும் செய்யமாட்டார்.

"எஞ்சின் செத்தா பிரேக் கல்லாயிடும், ஸ்டியரிங் பாறையாயிடும். பெட்ரோல் மிஞ்சும், ஆளு மிஞ்சமாட்டான்."

கியரில் விட்டுக் காலைத் தூக்கிக்கொள்வார். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கை அரை கிலோமீட்டருக்கு முன்பே பார்த்து வேகத்தைத் தானாகத் தேய விடுவார். பிரேக் போடுவது என்றால் அவருக்குக் காசைக் கொட்டுகிற மாதிரி. திரும்பி வருகிற ஏற்றத்தில் அறுபதுக்கு மேலே போகவே மாட்டார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், தலையை வெளியே நீட்டிக் கத்துவார்கள்.

"என்னய்யா, சவ ஊர்வலமா போற?"

"ஆமா, உன்னோடதுதான். பின்னாலயே வா."

ஒருநாள் நானும் பெய்ரூட்டுக்குத் தொற்றிக்கொண்டு போனேன். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அத்தைக்குத் தலை சுற்றும். ஒரு சின்னக் குலுக்கல் போதும், வாந்தி வந்துவிடும். முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். மாமா பள்ளங்களைக் கை அகலத்தில் ஒதுக்கி ஒதுக்கிப் போனார். வளைவுகளில் வண்டி திரும்பியதே தெரியவில்லை. வழியில் இருக்கிற ஆலே ஊர் வரை ஒரு தடவைகூடப் பிரேக் போடவில்லை.

"பாத்தியா? ஒரு சொட்டு வீணாகல" என்றார் என்னிடம். அப்படிச் சொல்லும்போது அவர் பெட்ரோல் முள்ளைப் பார்க்கவில்லை. அத்தையின் கழுத்தில் சால்வை நழுவாமல் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் தீர்ப்பு நாள். பங்கில் வாங்கிய டின்னைக் கொண்டுவந்து, டேங்க் கழுத்துவரை நிரம்பும்வரை ஊற்றுவார். டின்னில் ஏதாவது மிஞ்சினால் மிச்சம். மிஞ்சாமல் டேங்க் இன்னும் கேட்டால் அந்த அளவுக்கு மறுவாரம் பள்ளம். முதல் நாலு ஞாயிறும் பள்ளம்தான். வீட்டில் பழைய கேன் ஒன்றில் இருந்த இருப்பு கரைந்துகொண்டே வந்தது. ஐந்தாவது ஞாயிறு, அத்திப்பழம் பழுத்த வாரம், டேங்க் கழுத்துவரை நிரம்பி வழிந்தது. டின்னில் ஒரு டம்ளர் பெட்ரோல் மிச்சம்.

ஒரே ஒரு டம்ளர்தான். அதை ஒரு கண்ணாடி டம்ளரிலேயே ஊற்றித் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனார். சதுக்கத்தில் மத்தே என்கிற மூலிகை டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த ஆண்கள் முன்னால் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்கடா. என் கால் கறந்தது."

வங்கி மூடிய நாளிலிருந்து அந்த ஆள் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார். அத்தை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த இரண்டு வாரமும் கிட்டத்தட்ட அப்படியே போனது. பிறகு திராட்சை பறிக்கிற வாரம் பங்கில் ஓர் அறிவிப்பு. இனிமேல் இருபது கிடையாது, பதினேழுதான்.

மூன்று லிட்டர் என்பது பெரிய அளவா? ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டில், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆனால் அதற்குமேல் கழற்ற அந்தக் காரில் எதுவும் இல்லை. மாமா அன்றைக்குச் சாயங்காலம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், எஞ்சினைப் போடாமல். அத்தை காபி கொண்டுவந்தாள்.

"ரெண்டு தடவை போனா போதாதாமா?" என்றார். "டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம். சில பேரு ரெண்டு தடவைதான் போறாங்களாம்."

"கேக்கலாமே" என்றாள் அத்தை.

"எனக்கு வேற வழி தெரியல, ஸமீஹா."

"காபி ஆறுது. குடிங்க."

மேலே பால்கனியில் நான் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். தோலைத் துப்பாமல் வாயிலேயே வைத்துக்கொண்டேன். இரண்டு தடவை என்றால் என்ன என்று எனக்கே தெரியும். நடுவில் ஒரு நாள் தவறினால் அத்தையின் கால் எப்படி வீங்கும் என்று பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊரே தூங்குகிற நேரம், நான் ஒரு உருளைக்கிழங்கோடு கீழே இறங்கினேன். மாமாவின் சைலன்சரில் அதைச் செருகுவதாகத் திட்டம். சத்தியமாகக் கெட்ட எண்ணம் இல்லை. அவர் முகம் ரொம்ப நாளாகத் தொங்கிப்போயிருந்தது, ஒரு சண்டையாவது போடட்டுமே என்று பார்த்தேன். காருக்குப் பின்னால் போனால் அங்கே அத்தை நிற்கிறாள். கையில் புனல், காலடியில் ஆலிவ் எண்ணெய் டப்பா. டேங்க் மூடி திறந்திருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கையில என்னடி?"

"உருளைக்கிழங்கு, அத்தை."

"எதுக்கு?"

"சமைக்க."

"சைலன்சர்லயா?"

உருளைக்கிழங்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவள் தொடர்ந்து ஊற்றினாள். எண்ணெய் டப்பாவிலிருந்து வந்தது எண்ணெய் இல்லை, மூக்குக்கே தெரிந்தது.

"இதப் பத்தி வாயத் தொறந்த, உருளைக்கிழங்கப் பத்தி உங்கப்பாகிட்ட நான் வாயத் தொறப்பேன்."

"பெட்ரோல் எங்கருந்து அத்தை?"

"பங்குக்காரன் பொண்டாட்டி நுஹா. அந்த மனுஷனுக்குக் கிஷ்க் கஞ்சின்னா உயிரு. அவளுக்கோ பண்ணத் தெரியாது. நான் ஒரு ஜாடி குடுத்தா அவ நாலு லிட்டர் குடுக்கிறா. தன்னோட பெட்ரோலத்தான் கஞ்சியாக் குடிக்கிறோம்னு அவனுக்குத் தெரியாது."

எங்கள் மலையில் ஒவ்வொரு வீட்டிலும் பனிக்காலத்துக்கென்று ஓர் அலமாரி உண்டு. ஸமீஹா அத்தையின் அலமாரி ஊரிலேயே பெயர் பெற்றது. தயிரும் கோதுமையும் புளிக்க வைத்துக் காயவைத்த கிஷ்க், எண்ணெயில் மிதக்கிற லப்னே தயிர் உருண்டை, வால்நட் அடைத்த குட்டிக் கத்தரிக்காய், அத்தி ஜாம், மாதுளைச் சாறு. போன வருஷம் உடம்பு நன்றாக இருந்தபோது போட்டது.

"பனிக்கு என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு உப்பே ஆகாதுன்னுட்டாங்க. நான் தின்ன முடியாதத கார் தின்னட்டும்."

"மாமாகிட்ட சொல்லிட்டுச் செய்யலாமே. அவரும் சந்தோஷமா..."

அத்தை புனலை உதறினாள்.

"அவருக்கு வங்கி போச்சு, சவாரி போச்சு, புள்ள போய்ட்டான். இந்த ஒரு டம்ளர்தான் மிச்சம். அத நான் எடுக்கணுமா?"

கையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். உருளைக்கிழங்கை நான் வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

அந்த ஞாயிறு மாமா பதினேழு லிட்டர் டின்னை எடுத்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர்போல் வண்டிக்குப் போனார். ஊற்றினார். டேங்க் நிரம்பி வழிந்தது. டின்னில் ஒரு லிட்டர் மிச்சம்.

அவர் டின்னை ஆட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஸமீஹா! ஏ ஸமீஹா! இங்க வா! வெளிய வா!"

"என்னங்க, தீப்புடிச்சிருச்சா?"

"பதினேழுல ஒண்ணு மிச்சம்டி! எஞ்சின் பழகிடுச்சு. நான் சொன்னேனே, கார்புரேட்டர சுத்தம் பண்ணினது இப்பத்தான் வேல செய்யுது!"

"நீங்க சொன்னீங்கதான்" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போகலாமா என்ற பேச்சே வரவில்லை.

என்ன கஷ்டம் என்றால், மாமா வள்ளலாகிவிட்டார். மிச்சம் வருகிறதே, வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். யாரோ கல்யாண வண்டிக்கு இரண்டு. சாயங்காலங்களில் சதுக்கத்தில் வகுப்பு நடத்தினார். ஊர் ஆண்கள் பாதிப்பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். யாருக்கும் மாமா அளவுக்கு மிஞ்சவில்லை. "கால்ல பக்தி பத்தலடா" என்றார் அவர்களிடம். அவர் தானம் செய்யச் செய்ய அலமாரியில் ஜாடி குறைந்தது. அத்தை செவ்வாய் மட்டும் ஊற்றியது போய் சனியும் ஊற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஷாதி வந்தான். கீழ்க் குடியிருப்பில் இருக்கிறவன், பத்தொன்பது வயசு. அத்தைக்குப் பக்கத்துக் கட்டிலில் அவனுக்கும் அதே மூன்று நாள் டயாலிசிஸ். அவனைக் கூட்டிப்போன மினிபஸ் நின்றுவிட்டது. அவன் அம்மா வந்து வாசலில் நின்றதும் மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அனுப்பி வைங்க. நாலு கிலோமீட்டர் சுத்து. என் வண்டிக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் பால்கனிக் கம்பியைப் பார்த்தேன். அடுத்த நாளே அத்தி ஜாம் நுஹா வீட்டுக்குப் போனது.

ஷாதி நல்ல பையன். பின் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க மாமாவைச் சீண்டுவான். "மாமா, அந்த ஆமை நம்மள முந்திட்டுப் போகுது பாருங்க." "போகட்டும்டா. அது பங்குல நின்னு சாகும், நாம வீட்டுக்குப் போவோம்." அத்தை கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பாள்.

மார்கழியில் அத்தைக்கு உடம்பு சுருங்கிக்கொண்டே வந்தது. டப்பாவைத் தூக்க முடியவில்லை. இரண்டு தடவை எனக்குக் கண் காட்டினாள், நான் ஊற்றினேன். தை மாதம் நெஞ்சில் சளி பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். ஆறாவது நாள் மாமா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கும் அறுபதிலேயே வந்தார். பின்னால் ஆம்புலன்ஸ், அதுவும் மெதுவாக. அவரை முந்த அந்த டிரைவருக்கு மனசு வரவில்லையாம்.

மறுநாள் அடக்கம். வெள்ளை முக்காடு போட்ட பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அவள் நல்லதையெல்லாம் பாட்டாக அழுதார்கள். ஒருத்திக்கும் முக்கியமானது தெரியாது. நுஹா மூலையில் உட்கார்ந்து எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னை. ஆண்கள் பக்கத்தில் பெரியவர் ஒருத்தர் மாமாவின் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"இந்நேரம் அவ எங்கயோ ஒரு வீட்டுல மறுபடி பொறந்து அழுதிட்டிருப்பா, அபூ அத்ஹம். மனச தேத்திக்க."

எங்கள் நம்பிக்கை அது. மாமா தலையாட்டினார்.

"எந்த வீடோ. அங்க பெட்ரோல் இருக்கட்டும்."

பத்து நாள் கழித்து மறுபடி ஷாதியைக் கூட்டிப்போக ஆரம்பித்தார். பிறகு ஒரு ஞாயிறு வந்தது. பதினேழு லிட்டரை ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை போயும் டேங்க் நிரம்பவில்லை. இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசம். நான் மேலே நின்று பார்த்தேன். காலி டின்னைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

அவருக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. வண்டியில் ஓர் ஆள் எடை குறைந்திருக்கிறது. குடிப்பது குறைய வேண்டும். கூடுகிறது.

பழுது தேட ஆரம்பித்தார். புது பிளக் போட்டார். கார்புரேட்டரைக் கழற்றிச் சமையலறை மேசையிலேயே பரப்பினார், திட்ட ஆள் இல்லை. சக்கரங்களைத் தூக்கிவைத்துச் சுழற்றி, பிரேக் உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். டேங்க் குழாய் முழுக்கச் சோப்பு நுரை தடவினார். ஆலே மெக்கானிக், "வண்டிக்கு ஒண்ணுமில்ல, அபூ அத்ஹம். இந்த வயசுக்கு இது குடிக்கிறது ஜாஸ்தி இல்ல" என்றான். மாமா அவனை அறிவுகெட்டவன் என்றார்.

ஒரு புதன்கிழமை ஏற்றத்தில் பெட்ரோல் தீர்ந்துபோய் வண்டி நின்றது. ஷாதி டயாலிசிஸ் முடிந்து வந்துகொண்டிருந்தான். பனி பெய்துகொண்டிருந்தது. ஒரு காய்கறி லாரிக்காரன் அவனை ஏற்றிக்கொண்டு வந்தான், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில். மெர்சிடிஸைக் கயிறு கட்டி ராத்திரி ஊருக்கு இழுத்து வந்தார்கள். அந்தப் பையன் அடுத்த நாள் என்னிடம் சொன்னான்.

"மாமா இனிமே வரமாட்டேன்னுட்டாரு. எங்கம்மாகிட்ட வந்து வேற வண்டி பாத்துக்கச் சொன்னாரு."

"ஏனாம்?"

"வண்டில பழுது இல்ல, தன்கிட்டதான் பழுதுன்னாரு. அத்தை பக்கத்துல இருந்தப்ப கால் மெதுவா இருந்துச்சாம். இப்ப கால் கனத்துப்போச்சாம், தனக்கே தெரியாம மிதிக்குதாம்." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வேற வண்டி எங்க இருக்கு?"

வேறு வண்டி கிடையாது. அது எனக்கும் தெரியும்.

நான் புத்திசாலி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி அத்தை காட்டிய வழி. ஆனால் என்னிடம் கிஷ்க் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கும்போது அவருடைய கார் டேங்கில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சினேன். ஒரு வாய் உள்ளேயே போய்விட்டது. வாந்தி எடுத்துவிட்டு, ஒரு கேனில் எட்டு லிட்டர் பிடித்துக்கொண்டு கீழே வந்தேன். மெர்சிடிஸ் மூடியைத் திறந்து ஊற்றினேன். குளுக், குளுக்.

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"மேலருந்து சத்தம் வருது. லீக்கா?"

கேனை நிமிர்த்தினேன். மாமா இப்போதெல்லாம் மத்தியானம் தூங்குவதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? முதுகில் அட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடந்து சொட்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மெல்ல நகர்ந்து வெளியே வந்தார். முகத்தில் கரி. என் கையில் இருந்த கேனைப் பார்த்தார், புனலைப் பார்த்தார். அது அத்தையின் புனல்தான்.

"டேங்க்ல சர்க்கரை போடுறியா, என்ன விளையாட்டு இது?"

"பெட்ரோல் மாமா."

"யாரோடது?"

"எங்கப்பாவோடது. அவருக்குத் தெரியாது."

"எதுக்கு?"

பொய் சொல்வதில் எனக்கு ஊரில் நல்ல பெயர் இருக்கிறது. அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. வாயில் பெட்ரோல் நாற்றம், கண்ணில் தண்ணீர்.

"அத்தை இப்படித்தான் ஊத்துவாங்க. நீங்க தூங்கும்போது."

அவர் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்தார், முதுகைச் சக்கரத்தில் சாய்த்து. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நுஹா, ஜாடிகள், செவ்வாய், சனி. அவர் விரலில் இருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"எப்பலருந்து?"

"திராட்சை பறிச்ச வாரத்துலருந்து."

"வாத்தியாருக்குக் குடுத்தேனே, அது?"

"அது கத்தரிக்காய் ஜாடி."

"கல்யாண வண்டிக்கு?"

"லப்னே."

என் பக்கம் திரும்பாமல் கேட்டார். அவருடைய குரலா அது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"அத்திப்பழ வாரம்?"

"அது உங்களோடது, மாமா. அப்ப அவங்க ஊத்தல."

"சத்தியமா?"

"சத்தியமா. பதினேழு ஆனப்புறந்தான் ஆரம்பிச்சாங்க. நானே அத்தைகிட்ட கேட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய தலைமயிரில் கார்புரேட்டர் வாசனை அடித்தது.

"அந்த நாலு மாசமும்" என்றார், "சாயங்காலம் சதுக்கத்துல நான் அடிச்ச பெருமையெல்லாம் அவ ஜன்னல்ல நின்னு கேட்டுட்டிருந்தா."

"ஆமா மாமா."

"ஒரு நாள்கூட சிரிக்கல."

"சிரிச்சாங்க. உள்ள போய்ச் சிரிப்பாங்க."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. என் அப்பாவின் பெட்ரோலில்தான் ஷாதி போனான். அதற்காக நான் வாங்கிய அடியை எழுத வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா டின் ஊற்ற வண்டிக்குப் போகவில்லை. சவரம் செய்து, நல்ல கோட் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் காலி பாட்டில்களோடு எங்கள் கதவைத் தட்டினார். அப்பா திறந்தார். மாமா உள்ளே வரவில்லை.

"ஷாதிக்கு வாரம் மூணு நாலு லிட்டர் குறையுது" என்றார். "உங்களால முடிஞ்சத குடுங்க. கால் லிட்டர்னாலும் சரி."

அப்பாவுக்குப் புரியவில்லை. "குறையுதா? உங்களுக்கா? நீங்கதான ஊருக்கே..."

"நான் மிச்சம் பிடிக்கல. ஸமீஹா ஊத்தினா. நான் தூங்கும்போது ஊத்தினா. நான் என் கால்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். பெட்ரோல் யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை. நுஹா அந்த வீட்டில் வாழ வேண்டும் இல்லையா. அப்பா போய் ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு வந்தார். மாமா இரண்டு கையாலும் வாங்கினார். மற்றவர்களிடம் இதற்கு முன் எதுவும் வாங்கிப் பழகாத கை அது. எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்தார்.

பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கு. சதுக்கத்துக்கும் போனார், செருப்பைக் கழற்றிக் கார் ஓட்டிய ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே. பதினாறு வாசல். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகள். நான் மிச்சம் பிடிக்கல, ஸமீஹா ஊத்தினா. யாரும் சிரிக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் சிரிக்க நினைத்தார்கள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கடைசி வீட்டிலிருந்து வரும்போது குரல் அடைத்துப்போய் வாய் மட்டும் அசைந்தது.

திங்கட்கிழமை விடியும் முன் வண்டி கிளம்பியது. பனி உறைந்திருந்தது. கீழ்க் குடியிருப்பு முக்கில் ஷாதி நின்றான். முன் கதவைத் திறந்து, சீட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்தினான். பின்னால் போய் ஏறிக்கொண்டான். மாமா கியரைப் போட்டு, வளைவுவரை வண்டியைத் தானாக உருள விட்டார்.